மதீனாவும் எங்கள் காரின் முன் இருக்கையும்

1995 யூலையில் நான் ஒரு வேலையைத் தொடங்கினேன். யாரும் கேட்டுத் தொடங்கியதல்ல. அதற்கு எண்பது வருடங்களுக்கு முன், 1915 யூலையில், மக்காவின் ஆட்சித் தலைவரான ஷரீப் கெய்ரோவிலிருந்த பிரித்தானிய உயர் ஆணையருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஒகஸ்ட் கடைசியில் பதில் எழுதப்பட்டது. பதிலுக்குப் பதில் என்று 1916 மார்ச் வரை பத்துக் கடிதங்கள். ஒவ்வொன்றையும் எண்பது வருடம் நிறைகிற நாளில் வாசித்துக் குறிப்பெடுப்பது என் திட்டம். சனிக்கிழமைகளில், புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த வோபர்னிலிருந்து பஸ்ஸும் சப்வேயுமாக நகரத்துப் பெரிய நூலகத்துக்குப் போய், வேண்டிய பக்கங்களைப் பிரதி எடுத்து வருவேன்.

விஷயம் இதுதான். 1914இல் துருக்கி ஜெர்மனியின் பக்கம் சேர்ந்து போருக்குள் வந்தது. அரபு நாடுகளில் பெரும்பகுதி அப்போது துருக்கியின் கீழ். அரபுகளை எழுப்பிவிட்டால் துருக்கியைப் பின்னாலிருந்து அடிக்கலாம் என்று பிரித்தானியர் நினைத்தார்கள். எழுந்தால் எங்களுக்கென்று ஒரு நாடு கிடைக்குமா என்று ஷரீப் கேட்டார். எல்லைகளைப் பெயர் சொல்லியே கேட்டார். கெய்ரோவிலிருந்து போன பதில்களில் ஷரீப்பைப் புகழும் பட்டங்களே பல வரிகளுக்கு நீளும். எல்லை என்ற இடம் வந்ததும் வாக்கியம் வளையத் தொடங்கும். தந்தது போலவும் இருக்கும், தராதது போலவும் இருக்கும். அதே காலத்தில் அதே நிலத்தைப் பற்றி லண்டனில் பிரான்சோடும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பதினெட்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தவன். பிடி கொடுக்காமல் கடிதம் எழுதுவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும். அந்த உயர் ஆணையரை நான் கொஞ்சம் ரசித்தே வாசித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நூலகத்திலிருந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் மனைவி ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"என்ன, மக்காவில இருந்து கடிதம் வந்திட்டுதோ?"

அந்த ஒக்ரோபர் கடைசியில் போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது கொப்பியை மூடிவைத்தேன். அதற்குப் பிறகு பல மாதங்கள் எங்கள் வீட்டில் எல்லாரும் தொலைபேசியைச் சுற்றியே இருந்தோம். அடுத்த வருடம் வசந்தகாலம் வந்த பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அதற்குள் கடிதங்களுக்கு எண்பது வருடம் கடந்துவிட்டது. 1916 யூனில் ஷரீப் துருக்கிக்கு எதிராக எழுந்த இடத்துக்கு நானும் யூனில் வந்து சேர்ந்தேன்.

அந்த நாட்களில் நான் ஸ்காபரோவில் ஒரு மின்விளக்குத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். எங்கள் மாடிக் கட்டடத்திலிருந்து மூன்று பேர் அங்கே போனோம். கார் வைத்திருந்தவர் ஒரு துருக்கியர். கொன்யாவுக்கு அருகிலிருந்து வந்தவர், ஊரில் பஸ் ஓட்டியவர். முன் இருக்கையில் இருந்தவர் பக்தாத்காரர். வளைகுடாப் போருக்குப் பிறகு வந்தவர், அங்கே பூமிசாத்திரம் படிப்பித்த ஆசிரியர். அவருடைய வலது முழங்கால் மடியாது. காலை நீட்ட இடம் வேண்டும் என்பதால் முன் இருக்கை அவருக்கு. நான் பின்னால். இரண்டு வருடம் இந்த ஒழுங்கு மாறவில்லை. மத்தியானச் சாப்பாட்டு அறையிலும் ஒரே மேசைதான். துருக்கியர் ஒலிவ் கொண்டுவருவார், பக்தாத்காரர் ஈச்சம்பழம் கொண்டுவருவார், என் மனைவி கட்டித்தரும் புட்டை இருவரும் ஆளுக்கொரு கரண்டி கேட்டு வாங்குவார்கள். எங்களுக்குப் பொதுவான பாஷை ஆங்கிலம். ஆனால் அவர்கள் பேசியதெல்லாம் இன்று என் நினைவில் எங்களுடைய பேச்சாகத்தான் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒருநாள் பக்தாத்காரர் காய்ச்சலென்று வேலைக்கு வரவில்லை. அன்று காரில் துருக்கியர் தன் அப்பப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் மதீனாவில் இருந்த துருக்கிப் படையில் ஒரு சிப்பாய். வடக்கேயிருந்து மதீனாவுக்கு ஒரே ஒரு ரயில் பாதை. அரபுகள் அதை மறுபடி மறுபடி வெட்டினார்கள். ரயில் வராத நாட்களில் சாப்பாடு இல்லை. கடைசியில் வெட்டுக்கிளி தின்றார்களாம். அதை எப்படிச் சமைப்பது என்று தளபதியே கட்டளை எழுதி அனுப்பினாராம்.

பிறகு ஒருநாள் துருக்கியர் சிகரெட் பிடிக்க வெளியே போயிருந்த நேரம், பக்தாத்காரர் தன் அப்பப்பாவைப் பற்றிச் சொன்னார். அவரையும் துருக்கிப் படைதான் பிடித்துச் சேர்த்தது. பஸ்ராப் பக்கம் பிரித்தானியரிடம் கைதியாகி இந்தியாவில் ஒரு முகாமில் கிடந்தார். ஷரீப்புக்காகச் சண்டை பிடிக்கிறாயா என்று அங்கே வந்து கேட்டார்கள். ஓம் என்றார். கப்பலில் ஏற்றி அரேபியாவில் இறக்கினார்கள். மதீனாவுக்குப் போகிற தண்டவாளத்தின் கீழே வெடி வைப்பது அவருடைய வேலை.

இரண்டு பேரும் மற்றவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் சொன்னார்கள். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். நான் கவனித்ததோ திகதிகளைத்தான்.

1996 டிசம்பரில், நத்தார் விடுமுறைக்கு முந்திய கிழமை, நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, திகதிக்கு ஒரு பத்தி, மதீனாவுக்கு ஒரு பத்தி, தண்டவாளத்துக்கு ஒரு பத்தி, கடைசியில் குறிப்புக்கு ஒரு பத்தி. பத்துக் கடிதங்களும் மேலே வரிசையாக. இரண்டு அப்பப்பாக்களும் கீழே, அவரவர் இடத்தில். பதினைந்தாம் வரிசையில், மதீனாவில் பட்டினி என்ற இடத்துக்கு நேரே, குறிப்புப் பத்தியில் எழுதினேன்: "காரணம்: வரிசை 14 பார்க்க." பதினாலாம் வரிசை பக்தாத்காரரின் அப்பப்பா. அவர் வெட்டிய தண்டவாளத்தால்தான் இவர் பட்டினி கிடந்தார் என்பதற்கு என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதங்கள், அவ்வளவுதான். பத்தி வெறுமையாகக் கிடந்தது, நிரப்பினேன்.

கச்சேரியில் எங்களுக்கு ஒரு வழக்கம். ஒரு கடிதத்தில் யாருடைய விஷயம் வருகிறதோ அவருக்கு ஒரு பிரதி போக வேண்டும். போகாவிட்டால் மேலதிகாரி கடிதக் கோவையைத் திருப்பி எறிவார். பதினெட்டு வருடப் பழக்கம் கை விட்டுப் போகாது. அட்டவணையின் அடியில் "பிரதிகள்" என்று எழுதி இரண்டு பேரின் பெயரையும் போட்டு, அடுத்தநாள் காலை ஆளுக்கொன்று கொடுத்தேன். சந்தோஷப்படுவார்கள் என்றே நினைத்தேன்.

மத்தியானம் துருக்கியர் ஒலிவ் டப்பாவைத் திறக்கவில்லை. அட்டவணையை மேசையில் விரித்தார்.

"பதினாலாவது வரிசை உம்மடை அப்பப்பாவோ?"

பக்தாத்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஓம். பதினைஞ்சாவது?"

"என்ரை அப்பப்பா."

"எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியாது. இப்ப தெரியும். நான் ரெண்டு வருசமா ஆரைக் காரில ஏத்திறன் எண்டு தெரியும். ரொட்டி வந்த பாதையை வெட்டின ஆளின்ரை பேரப்பிள்ளையை. அதுவும் இங்கிலீசுக்காரன் குடுத்த வெடிமருந்தால."

பக்தாத்காரர் மெதுவாகத்தான் பேசுவார். வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகளும் அமைதியாகும்வரை காத்திருந்து பேசுகிறவர் போல. "டமாஸ்கஸில நடுச் சதுக்கத்தில உங்கடை ஆக்கள் எங்கடை படிச்ச ஆக்களைத் தூக்கில போட்டவை. அது உந்தப் பேப்பரில இருக்கோ?"

"இருக்கு," என்றேன் நான். "பதினோராவது வரிசை."

அப்போதுதான் இரண்டு பேரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் பக்தாத்காரர் காருக்கு வரவில்லை. பனிக்குள்ளால் அந்தக் காலை இழுத்து இழுத்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். முன் இருக்கை காலியாக இருக்கிறதே என்று நான் அந்தக் கதவைத் திறந்தேன்.

"பின்னாலை இரும்," என்றார் துருக்கியர்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, அதுகள் ரெண்டும் ரெண்டு வருசமாக் கேளாமல் விட்ட கேள்வி. உங்களிட்டை ஆர் மறுமொழி கேட்டது?"

"நடந்ததைத்தானே எழுதினனான்."

"நடந்ததோ? உந்தப் பதினாலாலதான் பதினைஞ்சு எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? நீங்கள் பக்கத்தில நிண்டு பாத்தனீங்களோ?"



விடுமுறை முழுவதும் அந்த முழங்கால்தான் என் மனதில். ஜனவரிக் குளிரில் அந்த மனிதர் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போய்வருவதென்பது நடக்கக்கூடிய காரியமல்ல. வேலையை விட்டுவிடுவார். அவருக்கு அந்த வயதில் வேறு வேலை யார் கொடுப்பது? அதைவிடப் பெரிய விஷயம், இந்த ஊரில் அவருக்கு இருந்த ஒரே சினேகிதம் அந்தத் துருக்கியர். துருக்கியருக்கும் அப்படித்தான். அதை உடைத்தவன் நான்.

ஆகவே நான் கெய்ரோவாக மாறினேன். புதுவருடத்துக்கு அடுத்தநாள் இரண்டு கடிதங்கள் எழுதினேன். தொடக்கத்தில் மதிப்பும் அன்பும் பெருந்தன்மையும் நிறைந்த என்று ஆளுக்கு நாலு வரி பட்டம். பிறகு விஷயம். துருக்கியருக்கு எழுதியது: உங்கள் நண்பர் மிகவும் மனம் வருந்துகிறார், திங்கள் காலை நீங்கள் வழக்கம்போல் வாசலில் காரை நிறுத்தினால் அவரே வந்து பேசுவார். பக்தாத்காரருக்கு எழுதியது: உங்கள் நண்பர் மிகவும் மனம் வருந்துகிறார்; திங்கள் காலை நீங்கள் வழக்கம்போல் கீழே வந்து நின்றால் அவரே இறங்கி வந்து கூப்பிடுவார். இரண்டு பேருமே என்னிடம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு பேரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் மிச்சம் தானாக நடக்கும் என்று நினைத்தேன். கடிதங்களைக் கதவுகளுக்குக் கீழால் தள்ளிவிட்டேன்.

திங்கட்கிழமை துருக்கியர் சரியாக ஏழு மணிக்குக் காரை வாசலில் நிறுத்தினார். நான் பின்னால் ஏறினேன். பக்தாத்காரர் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, தொப்பியும் சால்வையுமாக நின்றார். துருக்கியர் ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார். பக்தாத்காரர் கண்ணாடியில் படிந்த நீராவியைக் கையுறையால் துடைத்துவிட்டுக் காரைப் பார்த்தார். ஐந்து நிமிடம். பத்து நிமிடம்.

துருக்கியர் முன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார். "வருவார்தானே?"

"வருவார்."

"நான் காலை வெளியில வைக்கமாட்டன். வாறன் எண்டு சொன்ன ஆள் அவர்தான்."

ஏழு பதினைந்துக்கு பக்தாத்காரர் கைமணிக்கூட்டைப் பார்த்தார், திரும்பினார், பக்கத்துக் கதவால் பஸ்ஸுக்குப் போய்விட்டார். நாங்கள் எட்டு நிமிடம் பிந்தி வரவு மணிக்கூட்டில் அட்டை அடித்தோம். அவர் இருபது நிமிடம் பிந்தி வந்தார்.

செவ்வாயும் அப்படியே. புதனும் அப்படியே. நான் பின் இருக்கையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும், மற்றவர் எதற்குக் காத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அந்த மூன்று காலைகளிலும் என் கால் விரல்கள் விறைத்ததற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. எங்கள் தொழிற்சாலையில் ஒரு கிழமையில் நாலு தடவை பிந்தினால் எச்சரிக்கைக் கடிதம். இரண்டாவது எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குப் போகலாம். துருக்கியருக்கு முந்திய வருடப் பனிப்புயலில் ஒன்று ஏற்கெனவே வந்திருந்தது.

புதன் பின்னேரம் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். கடிதங்களின் நகல் என்னிடம் இருந்தது. வாங்கி வாசித்தாள். சிரிப்பை அடக்கினாளா கோபத்தை அடக்கினாளா என்று தெரியவில்லை.

"இதில எவ்வளவு உண்மை?"

"மனவருத்தம் எண்டது உண்மையா இருக்கலாம்."

"இருக்கலாமோ? ஒண்டரை வருசமா அந்த வெள்ளைக்காரன்ரை கடிதத்தை வைச்சுப் படிச்சுப் போட்டு, அவன் செய்ததையே செய்திருக்கிறியள். விடிஞ்சதும் போய் ரெண்டு பேரிட்டையும் உள்ளதைச் சொல்லுங்கோ. அந்தத் துருக்கி அண்ணைக்கு வேலை போச்செண்டால் நான் அவரின்ரை மனுசியின்ரை முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

வியாழன் காலை ஏழு மணி. கார் வாசலில். பக்தாத்காரர் கண்ணாடிக்குப் பின்னால். நான் ஏறுவதற்குப் பதிலாகத் திரும்பி உள்ளே போனேன்.

"அவர் இறங்கி வரமாட்டார்," என்றேன்.

"நீர்தானே வருவார் எண்டு எழுதினீர்."

"அவர் ஒண்டும் சொல்லேல்லை. நானா எழுதினது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பெடியனைப் பார்ப்பது போல. "அப்ப அவருக்கு என்ன எழுதினீர்?"

"நீங்கள் வெளியில வந்து பேசுவியள் எண்டு."

பக்தாத்காரர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். காரின் புகைக்குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது.

"அப்ப இந்த நாலு நாளும் அவர் அங்கை நிண்டது எனக்காகவோ?"

"ஓம்."

"வேலைக்குப் பிந்தும் எண்டு தெரிஞ்சுமோ?"

"ஓம். எச்சரிக்கைக் கடிதம் வரும் எண்டும் தெரியும்."

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். பனி உருக உப்புத் தூவிய படிகளில் அந்தக் காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து, காரின் முன் கதவைத் திறந்து உள்ளே இருந்தார். நான் பின்னால் ஏறியபோது என்னுடைய இரண்டு கடிதங்களும் வெளியே வந்திருந்தன. துருக்கியர் பக்தாத்காரருடையதையும், பக்தாத்காரர் துருக்கியருடையதையும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு உறுதியான கை எண்டு எழுதியிருக்கு," என்றார் துருக்கியர். "உமக்கு?"

"எனக்கு ஆழ்ந்த அறிவு."

"எனக்கு அறிவு இல்லையாமோ?" என்று துருக்கியர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கார் புறப்பட்டது. மார்க்கம் வீதிச் சிக்னலில் நின்றபோது பக்தாத்காரர் கேட்டார்.

"உம்மடை அப்பப்பா மதீனாவில இருந்து உயிரோடை வந்தவரோ?"

"வந்தவர். எல்லாம் முடிஞ்ச பிறகு, 1919 கடைசியில. ஊரில ஆருக்கும் ஆளை அடையாளம் தெரியேல்லையாம். எண்பது வயசு வரைக்கும் இருந்தவர்."

"நல்லது."

"உம்மடை அப்பப்பா கொஞ்சம் கெட்டிக்காரனா இருந்திருந்தா வந்திருக்கமாட்டார்."

"அவர் வைச்ச வெடியில பாதி வெடிக்கிறேல்லையாம். அவரே சொன்னது."

"நன்றி சொல்லவேணும்."

"எனக்கும்தான். அவர் கெட்டிக்காரனா இருந்திருந்தா இண்டைக்கு என்னை ஆர் ஏத்திறது?"

துருக்கியர் சிரித்தார். சிக்னல் பச்சையாகிப் பின்னால் நின்றவர் ஹோர்ன் அடிக்கும்வரை சிரித்தார். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, பசியைப் பற்றி அப்பப்பா ஒருநாளும் சிரித்துப் பேசியதில்லை என்றார். வெடி வைத்த கதையைத் தன் அப்பப்பாவும் தன்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார் என்றார் பக்தாத்காரர். முதலில் கவிழ்ந்த ரயிலில் இருந்தவர்கள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டது துருக்கி பாஷையில். அது அவருக்கு விளங்கியதாம். அவரும் அந்தப் படையில் இருந்தவர்தானே. தண்ணீர் கொடுத்தாரா என்று துருக்கியர் கேட்கவில்லை. "குடுத்தவர்," என்று பக்தாத்காரர் தானாகவே சொன்னார்.

பதினொரு நிமிடம் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் சூப்பவைசர் நின்றார். என்ன காரணம் என்று கேட்டார்.

"முதலாம் உலக யுத்தம்," என்றார் பக்தாத்காரர், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

நான் முன்னால் போய், நாலு நாளும் பிந்தியது என்னால்தான், இவர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள் என்றேன். கொஞ்சம் வளைந்த வாக்கியம்தான், ஆனால் அன்று அதில் பொய் அதிகம் இல்லை. எனக்கு அதற்குமுன் எச்சரிக்கை எதுவும் வந்ததில்லை. சூப்பவைசர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என் பெயரில் மட்டும் ஒன்று எழுதிக் கொடுத்தார். துருக்கியர் அதை வாங்கி வாசித்து, "இதில பட்டம் ஒண்டும் இல்லையே," என்றார். அன்றிலிருந்து தொழிற்சாலை முழுக்க எனக்குப் பெயர் கெய்ரோ.

அந்தக் கிழமைக் கடைசியில் நோன்பு தொடங்கியது. இரண்டு பேரும் நோன்பு பிடித்தார்கள். மத்தியானத்தில் வெளியே போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் வழக்கம்போல் வந்து மேசையில் இருந்தார்கள். நான் மட்டும் புட்டைச் சாப்பிட, அவர்கள் மதீனாவுக்கும் மக்காவுக்கும் போய்வந்தார்கள். ஒரு மாதம் முழுக்க அந்தப் பேச்சுத்தான். ரயிலின் நீளம், வெட்டுக்கிளியின் ருசி, இந்திய முகாமில் கொடுத்த பருப்பு, ஷரீப் கேட்ட நாடு, லண்டன் பிரித்துக் கொடுத்த நாடு. சிலவேளை குரல் உயரும். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். நான் வாய் திறந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை உயர்த்துவார்கள்.

ஒருநாள் டமாஸ்கஸ் விழுந்தது எப்போது என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். கடைசியில் துருக்கியர் என் பக்கம் திரும்பினார்.

"கெய்ரோ, திகதியைச் சொல்லும்."

"1918 ஒக்ரோபர் முதலாம் திகதி. ஆனால் அதுக்கு முதல்நாளே—"

"போதும்," என்றார் பக்தாத்காரர். "திகதி மட்டும். குறிப்பை நாங்கள் எழுதுறம்."